ஆழத்தில் தண்ணீர் கல்லை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவியியல் படிக்கும் பிள்ளைகள், கல்குவாரியிலும் ரிக் வண்டியிலும் வேலை பார்ப்பவர்கள், ராசிக்கல் ஆர்வத்தில் கரடு கரடாக ஏறி இறங்குபவர்கள் என்று கொங்குப் பகுதியில் மூன்று தரப்பும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். முதல் ஐந்தும் அடிப்படை. அவற்றைத் தாண்டிக் குதித்தால் பின்னால் வருவது பாதி விளங்காது.

கடல் தட்டு பூமிக்குள்ள போகுதுங்கறாங்க. சரி, அதுல தண்ணிக்கு என்னங்க வேலை?

ஒரு புவித்தட்டு இன்னொன்றின் அடியில் சரிந்து இறங்குவதைக் கீழமிழ்வு என்கிறோம். வேகம் ஆண்டுக்கு 2 முதல் 10 செ.மீ. வரை. நமக்குப் பக்கத்தில் இது நடக்கும் இடம் அந்தமான்–சுமத்ரா கடற்பள்ளம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கமும் சுனாமியும் அங்கே பிறந்தவை. அந்தமானில் பேரன் தீவு எரிமலை புகைவதும் இதனால்தான்.

இறங்குவது காய்ந்த தட்டு அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலடியில் கிடந்து, விரிசல் வழியே கடல்நீரைக் குடித்து, அதைக் கனிமங்களுக்குள்ளேயே கட்டி வைத்திருக்கும் தட்டு. இறங்க இறங்கச் சூடும் அழுத்தமும் ஏறுவதால், பிடித்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. தண்ணீரை விட்ட கல்லும் மாறுகிறது, அந்தத் தண்ணீர் கடந்துபோகும் கல்லும் மாறுகிறது, கடைசியில் போய்ச் சேரும் கல்லும் மாறுகிறது.

கல்லுக்குள்ள தண்ணி எப்படிங்க இருக்கும்? எங்க போர்ல ஆயிரம் அடியில வர்ற தண்ணி மாதிரியா?

இல்லை. ஆயிரம் அடி என்பது 305 மீட்டர்தான். அங்கே கிடைப்பது விரிசலில் தேங்கிய மழைநீர். கனிமத்துக்குள் இருப்பதோ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில். அது படிகக் கட்டமைப்பிலேயே ஓர் உறுப்பு. கல்லைப் பிழிந்தாலும் வராது, வெயிலில் போட்டாலும் போகாது.

செங்கல் சூளை வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். அறுத்த பச்சைக்கல்லை வெயிலில் காயவைத்தால் ஈரம் போய்விடும், ஆனால் மழையில் நனைந்தால் மறுபடி சேறாகும். சூளையில் 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் தாண்டும்போதுதான் களிமண் கனிமத்தின் உள்ளே இருக்கும் நீர் வெளியேறும். சுத்தமான கயோலின் என்றால் எடையில் 14% அப்படிப் போய்விடும். அதற்குப் பிறகு நனைத்தாலும் அது மண்ணாகாது. கீழமிழ்வில் நடப்பது இந்தச் சூளை வேலைதான், பெரும் அழுத்தத்தின் கீழ்.

அளவைப் பாருங்கள். கடலடிப் பாறை தண்ணீர் குடித்து உண்டாகும் செர்பென்டைனில் எடையில் 13% வரை நீர். ஒரு கன மீட்டர் செர்பென்டைன் பாறை ஏறக்குறைய 2,600 கிலோ, அதற்குள் சுமார் 340 லிட்டர். தொட்டால் வறண்ட கல், உள்ளே இருபது குடத்துக்கு மேல் தண்ணீர். (ஹைட்ராக்சில் உட்காரும் அதே இடத்தில் ஃபுளோரினும் உட்காரும். தர்மபுரி, சேலம் பக்கத்துக் கிணற்றுநீரில் ஃபுளோரைடு தொல்லை இருப்பதற்கு, மைக்கா (காக்காப்பொன்) போன்ற கனிமங்கள் சிதைந்து அதை விடுவது ஒரு காரணம்.)

அப்புறம் எதுக்குப் "பாய்மம்"னு புதுப் பேரு? தண்ணின்னே சொல்லலாமே?

374 டிகிரியையும் 221 பார் அழுத்தத்தையும் ஒருசேரத் தாண்டிவிட்டால் தண்ணீருக்கும் நீராவிக்கும் வித்தியாசம் கிடையாது. ஆவி மாதிரிப் பரவும், நீர் மாதிரிக் கரைக்கும். அதோடு உப்பு, கார்பன் டை ஆக்சைடு, கரைந்த சிலிக்கா எல்லாம் கலந்திருக்கும். அதனால்தான் பொதுவாகப் பாய்மம் என்கிறோம்.

கரைக்கும் வலிமைக்கு ஒரு கணக்கு: நம் காட்டில் கிடக்கும் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், சாதாரணத் தண்ணீரில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். 35 கி.மீ. ஆழத்து அழுத்தத்தில், 700 டிகிரியில், அதே நீர் தன் எடையில் சில சதவீதம் சிலிக்காவைச் சுமக்கும். ஆயிரக்கணக்கான மடங்கு. இன்னும் ஆழத்தில் பாய்மமும் உருகிய பாறைக்குழம்பும் ஒன்றோடொன்று எல்லையில்லாமல் கலந்துவிடும் நிலையும் உண்டு.

எந்த ஆழத்துல எந்தக் கல்லு தண்ணிய விடும்? ஒரு பட்டியல் கிடைக்குமா?

பட்டியலாக மனப்பாடம் செய்தால் தவறும். ஏனென்றால் முடிவு செய்வது ஆழம் மட்டுமல்ல, தட்டின் சூடும்தான். வட கிழக்கு ஜப்பானின் அடியில் போவது பழைய, குளிர்ந்த தட்டு. அது தண்ணீரை வெகு ஆழம் வரை கொண்டுபோகும். வட அமெரிக்காவின் கஸ்காடியாவில் போவது இளசு, சூடானது. சீக்கிரமே விட்டுவிடும்.

வரிசை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் சில கி.மீ. ஆழத்திலேயே வண்டல் படிவின் துளை நீர் பிழிந்து வெளியேறும். பிறகு களிமண் கனிமங்கள். கடலடி பசால்ட் (எரிமலைக் கரும்பாறை), 200 முதல் 500 டிகிரிக்குள் நீலநிற கிளாக்கோஃபேன் கனிமம் நிறைந்த நீலச்சிஸ்ட் ஆகும். அதில் 11% நீர் பிடிக்கும் லாசோனைட் என்ற கனிமமும் உண்டு. பலவிடங்களில் 70 முதல் 100 கி.மீ. ஆழத்துக்குள் அது கார்னெட்டும் ஓம்ஃபசைட் என்ற பச்சைப் பைராக்சீனும் கொண்ட எக்லோகைட்டாகிறது. இந்த இரண்டிலும் தண்ணீர் அநேகமாக இல்லை. அடர்த்தி 3.0-இலிருந்து 3.5 ஆக ஏறுவதால், தட்டு தன் பாரத்தாலேயே தன்னைக் கீழே இழுக்கும். அடியில் இருக்கும் செர்பென்டைன் 600–700 டிகிரியில் உடைந்து நீரில்லாத ஒலிவின் கனிமமாகத் திரும்பும், குளோரைட் என்ற பச்சைக் கனிமம் 800 டிகிரி வாக்கில். கடைசிவரை தாக்குப்பிடிப்பது ஃபெங்கைட் என்ற மைக்கா. 200 கி.மீ.க்குக் கீழேயும் போகும்.

சூடும் அழுத்தமும் இருந்தாலே கல்லு மாறிடும்னுதான் படிச்சோம். தண்ணி கட்டாயமா?

இந்த ஒரு கேள்விக்கு விடை புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். சூடும் அழுத்தமும் "இனி மாறலாம்" என்று அனுமதி கொடுக்கும், அவ்வளவுதான். வேலையைச் செய்வது பாய்மம். அனுமதி கிடைத்தும் வேலையாள் வராததால் கோடிக்கணக்கான ஆண்டுகள் மாறாமலே நின்ற கற்கள் இருக்கின்றன.

கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே ஹோல்ஸ்னே தீவில் உள்ளது. அங்கே சுமார் 93 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறி நன்றாகக் காய்ந்துபோன அனார்த்தசைட் (வெளிறிய ஃபெல்ஸ்பார் கனிமமே நிறைந்த) பாறை, சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் மலையாக்கத்தில் சிக்கி ஆழத்துக்குப் போனது. எக்லோகைட்டாவதற்கான சூடும் அழுத்தமும் மொத்தப் பாறைக்கும் கிடைத்தது. ஆனால் மாறியது, விரிசல் விழுந்து தண்ணீர் நுழைந்த இடங்களில் மட்டும். வெளிறிய பாறையின் நடுவே ஒரு விரிசல், அதன் இருபுறமும் சில சென்டிமீட்டர் அகலத்துக்குக் கரும்பச்சைப் பட்டை, பட்டை முடிந்ததும் மறுபடி பழைய வெளிறிய பாறை. எல்லைக்கோட்டில் விரலை வைத்தால் ஒரு பக்கம் புதிய எக்லோகைட், மறு பக்கம் ஐம்பது கோடி ஆண்டு மூத்த கல். விரிசல்கள் நெருங்கி, பாறை நசுங்கி நகர்ந்த இடங்களில் பட்டைகள் ஒன்றுகூடி மீட்டர் கணக்கில் அகலமாகியிருக்கின்றன.

காரணம் எளிது. காய்ந்த படிகத்துக்குள் அணுக்கள் நகர்வது மகா மெதுவு. பாய்மம் வந்தால் பழைய கனிமத்தின் ஓரத்தைக் கரைக்கும், அதே இடத்தில் புதியது படியும். புதியது இடத்தை முழுக்க நிரப்பாததால் நுண்துளைகள் விடும், அந்தத் துளை வழியே பாய்மம் மேலும் உள்ளே போகும். வெளி உருவம் பழைய படிகத்துடையதாகவே நின்று, சரக்கு மட்டும் புதிதாகிவிடுவதும் உண்டு.

உருமாற்றமும் மெட்டாசோமாட்டிசமும் ஒண்ணுதானே? தேர்வுல ரெண்டையும் ஒரே மாதிரி எழுதலாமா?

எழுதாதீர்கள். ஈரோட்டு மஞ்சளை வேகவைத்தால் கிழங்குக்குள் இருப்பதுதான் பக்குவம் மாறுகிறது, வெளியிலிருந்து பெரிதாக எதுவும் சேரவில்லை. அது உருமாற்றம். திருப்பூரில் துணியைச் சாயத்தில் முக்கினால் வெளிப்பொருள் துணிக்குள் ஏறுகிறது, துணியில் இருந்த சில பொருள் தண்ணீரோடு போகிறது. அது மெட்டாசோமாட்டிசம்: பாறையின் வேதிக் கூட்டே மாறுவது. (தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடும் மட்டும் வந்துபோனால் வழக்கமாக அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.)

சாயப்பட்டறையிலிருந்து வெளியேறும் தண்ணீர் உள்ளே வந்த தண்ணீர் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. நொய்யலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு கல்லை மாற்றிவிட்டு வரும் பாய்மம், அங்கே எடுத்ததைச் சுமந்துபோய் அடுத்த கல்லில் இறக்கும்.

கல்சட்டி செய்யற மாக்கல் இப்படித்தான் உண்டாகுதுங்களா?

ஆமாம், அடுப்பங்கரையிலேயே இருக்கும் மெட்டாசோமாட்டிசம் அது. மக்னீசியம் நிறைந்த பாறை முதலில் தண்ணீர் குடித்துச் செர்பென்டைன் ஆகிறது. பிறகு கார்பன் டை ஆக்சைடு கலந்த பாய்மம் வந்தால் டால்க் என்ற மெதுவான கனிமமும் மாக்னசைட்டும் (மக்னீசியம் கார்பனேட்) உண்டாகி, தண்ணீர் வெளியேறும். சிலிக்கா நிறைந்த பாய்மம் வந்தாலும் டால்க் உண்டாகும். நகத்தால் கீறினால் மாவு உதிர்வது டால்க்கினால்தான்.

புதுக் கல்சட்டி அடுப்பில் வெடிப்பதற்கு டால்க்கின் உள்நீர் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. அந்த நீர் வெளியேற 800 டிகிரிக்கு மேல் வேண்டும், சமையல் அடுப்பில் சட்டி அந்தச் சூட்டுக்குப் போகாது. வெடிக்க வைப்பது நுண்துளை ஈரமும், அடிப்பகுதி மட்டும் திடீரென விரிவதும். வடிகஞ்சி ஊற்றி வைத்து, எண்ணெய் தடவிப் பழக்கி, சிறுதீயில் ஆரம்பிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கீழமிழ்வில் இதற்கு நேரான இடம் தட்டும் மேலுள்ள கவசமும் (மேலோட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த பாறை அடுக்கு) உரசும் எல்லை. தட்டிலிருந்து சிலிக்கா சுமந்த பாய்மம் ஏறி, கவசப் பாறையின் அடிப்பரப்பை டால்க்காக மாற்றும். வழுக்கும் கனிமம் என்பதால் தட்டு நகரும் விதமே அங்கே மாறிவிடும்.

சேலம் வெள்ளைக்கல்லும் அப்போ பெரிய அழுத்தத்துல வந்ததுதானே?

இல்லை, இது நிறையப் பேர் செய்யும் தவறு. செட்டிச்சாவடிப் பக்கம் எடுக்கும் வெள்ளைக்கல் மாக்னசைட். ஒலிவின் நிறைந்த டூனைட் பாறையின் விரிசல்களில், கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் குறைந்த வெப்பத்தில், மேற்பரப்புக்கு அருகே செய்த வேலை. ஒலிவினும் நீரும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து செர்பென்டைனும் மாக்னசைட்டும் ஆகும். முந்தைய பதிலில் சொன்னதற்கு அண்ணன் தம்பி வினை, ஆனால் நடந்த ஆழம் வேறு. படிகம் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்மையாக, உடைந்த பீங்கான் போல இருப்பதே குறைந்த வெப்பத்துக்கு அடையாளம்.

சுண்ணாம்புக்கல்லா மாக்னசைட்டா என்று தெரியாவிட்டால்: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். மாக்னசைட் பேசாமல் கிடக்கும், பொடித்துச் சுடவைத்தால்தான் குமிழ் விடும். சுத்தமான மாக்னசைட்டைச் சுட்டால் எடையில் 52% போய்விடும், சுண்ணாம்புக்கல்லில் 44%.

எடப்பாடி, கொங்கணாபுரம் பக்கம் மரகதம் கிடைச்சுதே, அதுக்கும் பாய்மம்தான் காரணமா?

பாய்மம் இல்லாமல் மரகதமே கிடையாது. பெரிலியம், பெரிய படிகங்கள் கொண்ட வெளிர்நிறப் பெக்மடைட் பாறையில் இருக்கும், பச்சை நிறம் தரும் குரோமியம் மக்னீசியம் நிறைந்த கரும்பாறையில் இருக்கும். இரண்டும் இயல்பாக ஒன்றுசேராதவை. பெக்மடைட் கரும்பாறையை வெட்டிக்கொண்டு நுழையும் எல்லையில், இங்கிருந்து பொட்டாசியம், அலுமினியம், ஃபுளோரின், பெரிலியம் அந்தப் பக்கமும், அங்கிருந்து மக்னீசியம், குரோமியம் இந்தப் பக்கமும் கடக்கின்றன. எல்லையில் மைக்கா, நம் ஊர்ப் பேச்சில் காக்காப்பொன், கருமையான பட்டையாகத் திரளும். மரகதம் இருந்தால் அந்தப் பட்டையிலும் அதன் ஓரத்திலும்தான். காங்கேயம் அருகே படியூர் அக்வாமரினும் மரகதத்தைப் போலப் பெரில் என்ற கனிமம்தான், ஆனால் அங்கே குரோமியம் கொடுக்கக் கரும்பாறை இல்லை. இரும்பு கொடுத்த நீலம் அது.

கீழமிழ்வு மண்டலத்தில் செர்பென்டைனும் வண்டல் பாறையும் தொடும் எல்லையில் இதே மாதிரிப் பட்டைகள் வரும்: செர்பென்டைன் பக்கம் டால்க், நடுவில் ஆக்டினோலைட் என்ற பச்சைக் கனிமம், வண்டல் பக்கம் குளோரைட். மியான்மரின் ஜேடும் செர்பென்டைனுக்குள் சோடியம் நிறைந்த பாய்மம் நுழைந்து படிந்ததுதான்.

கஞ்சமலைப் பக்கம் சிவப்புக் கார்னெட்டும் பச்சையும் கலந்த கல்லு எடுத்தேன். எக்லோகைட்டுங்களா?

அநேகமாக இல்லை. நம் பகுதியில் அந்த நிறச் சேர்க்கை பெரும்பாலும் மேஃபிக் கிரானுலைட், அதாவது அதிக வெப்பத்தில் உருமாறிய, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கரும்பாறை. வேறுபாடு ஒரே ஒரு கனிமத்தில் இருக்கிறது: எக்லோகைட்டில் பிளாஜியோகிளேஸ் என்ற ஃபெல்ஸ்பார் கனிமம் இருக்கக் கூடாது. புதிதாக உடைத்த முகத்தை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில், மெல்லிய இணைகோடுகளுடன் மணிகள் தெரிந்தால் அது பிளாஜியோகிளேஸ். கார்னெட்டைச் சுற்றி மட்டும் மெல்லிய வெள்ளை வளையம் இருந்தால், கல் மேலேறும்போது பின்னால் உண்டானதாக இருக்கலாம். அங்கேதான் உண்மையான விவாதம் ஆரம்பிக்கும்.

அடர்த்தியையும் வீட்டிலேயே பார்க்கலாம். கல்லை எடை போடுங்கள். டிஜிட்டல் தராசில் பாதியளவு தண்ணீர் உள்ள பாத்திரத்தை வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படியும் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன சென்டிமீட்டர். கல் 840 கிராம், தராசு 240 என்றால் அடர்த்தி 3.5. மேல்தோல் மக்கிய கல்லும், ஒட்டிய காற்றுக்குமிழும் அளவைக் குறைத்துக் காட்டும். ஊறவைத்து, தட்டிவிட்டு எடுங்கள். செர்பென்டைன் 2.6 வாக்கில், மேஃபிக் கிரானுலைட் 3.1–3.3, எக்லோகைட் 3.4–3.6. ஆனால் கார்னெட்டும் இரும்பும் மிகுந்த கிரானுலைட்டும் 3.4-ஐத் தொடும் என்பதால், அடர்த்தியை மட்டும் வைத்து எக்லோகைட் என்று அறிவிக்காதீர்கள். பச்சைக் கனிமம் ஓம்ஃபசைட்தானா என்பதை அதன் சோடியம்தான் சொல்லும். அதற்கு, நுண்ணிய புள்ளியில் வேதிக் கூட்டை அளக்கும் மைக்ரோபுரோப் கருவி வேண்டும்.

கொங்கு நாடே ஒரு காலத்துல கீழமிழ்வு மண்டலமா இருந்துச்சுன்னு சொல்றாங்களே?

சொல்பவர்களுக்குக் காரணம் இருக்கிறது, மறுப்பவர்களுக்கும் இருக்கிறது. பவானி, நாமக்கல், கரூர் வழியே போகும் பாலக்காடு–காவிரி வெட்டு மண்டலத்தை (பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை), சுமார் 53 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருங்கடல் மூடிய தழும்பு என்று ஒரு தரப்பு வாசிக்கிறது. அங்கங்கே கிடக்கும் கடலடித் தட்டின் துண்டு போன்ற பாறைத் தொகுதிகளையும், உயர் அழுத்தத்தில் உருமாறிய கற்களையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. இன்னொரு தரப்பு, இங்குள்ள பாறைகளில் பலவும் சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு, பிந்தைய நிகழ்வு அவற்றை மறுபடி சுட்டு நசுக்கியது மட்டுமே என்கிறது.

பரமத்திவேலூர்ப் பக்கத்துச் சித்தம்பூண்டி அனார்த்தசைட் தொகுதி இந்த வழக்கின் முக்கிய சாட்சி. சந்திரயான்-2 சோதனைக்கு நிலவு மண் மாதிரி தயாரிக்கக் கல் போனது இங்கிருந்தும் பக்கத்துக் குன்னமலையிலிருந்தும்தான். இதன் சில பகுதிகள் எக்லோகைட் கட்டத்தைத் தொட்டுத் திரும்பியவை என்று ஆய்வாளர் சிலர் சொல்கின்றனர். எங்கள் பார்வையில், உயர் அழுத்தம் என்பது ஏற்கத்தக்கது, ஆனால் உயர் அழுத்தம் என்பதாலேயே கீழமிழ்வு என்று முடிவுகட்ட முடியாது. கண்டங்கள் மோதித் தடித்தாலும் அந்த அழுத்தம் வரும்.

ஒன்று மட்டும் தெளிவு: இங்கே நீலச்சிஸ்ட் கிடையாது. அதைப் பார்க்க லடாக்கின் ஷெர்கோலுக்குப் போக வேண்டும். லடாக்கிலேயே த்ஸோ மொராரி எக்லோகைட்டில் கோயசைட் கிடைத்திருக்கிறது. குவார்ட்ஸ் சுமார் 90 கி.மீ. ஆழத்து அழுத்தத்தில் எடுக்கும் வடிவம் அது. ஆழத்தில் உருமாறித் திரும்பிய மேலோட்டுப் பாறையில் கோயசைட் முதன்முதலில் 1984-இல் ஆல்ப்ஸிலும் நார்வேயிலும் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன், மேலோட்டுக் கல் அவ்வளவு ஆழம் போய்த் திரும்பும் என்று நம்பியவர்கள் குறைவு.

சேர்வராயன் மலைச் சார்னோகைட்டெல்லாம் காஞ்ச கல்லுங்கறீங்க. அந்தத் தண்ணி எங்க போச்சு?

சார்னோகைட் என்பது பைராக்சீன் கொண்ட, கிரானைட் போன்ற கல். அதன் தண்ணீர் போனதற்கு இரண்டு வழிகள். ஒன்று, சூடு ஏறியபோது பாறையில் ஒரு பகுதி உருகி, உள்ளிருந்த தண்ணீரை அந்த உருகல் குடித்துக்கொண்டு மேலே போய்விட்டது. இன்னொன்று, கார்பன் டை ஆக்சைடு நிறைந்த பாய்மமோ அடர்ந்த உப்புப் பாய்மமோ ஊடுருவி, நீரின் பங்கைக் குறைத்ததால் மைக்காவும் ஆம்ஃபிபோலும் (இரண்டும் நீர் கொண்ட கனிமங்கள்) நிலைக்க முடியாமல் பைராக்சீனாக மாறின. குவார்ட்ஸ் மணிகளுக்குள் கார்பன் டை ஆக்சைடு நுண்குமிழ்களாக அடைபட்டிருப்பது இதற்கு ஆதாரம். எந்த வழி எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

இப்படிக் காய்ந்த கல் பிறகு என்ன அழுத்தம் வந்தாலும் மாற மறுக்கும். ஹோல்ஸ்னேயில் பார்த்த அதே கதை. இங்கேயும் பின்னால் வந்த நீர் நுழைந்த ஒடுங்கிய கோடுகளில் மட்டும் கல் மறுபடி ஆம்ஃபிபோலும் மைக்காவுமாக மாறியிருக்கும். குவாரி முகத்தில் கருநீலக் கல்லின் நடுவே தெரியும் பச்சை கலந்த கரும்பட்டையை நின்று பாருங்கள்.

எரிமலையெல்லாம் ஏன் ஒரே வரிசையா, தட்டுக்கு நூறு கி.மீ. மேலேயே நிக்குது?

தட்டே உருகி எரிமலையாகிறது என்பது பொதுவாகத் தவறான விடை. தட்டு விட்ட நீர் மேலுள்ள சூடான கவசத்துக்குள் போகிறது. அந்த ஆழத்தில் காய்ந்த கவசம் உருக 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும், நீர் சேர்ந்தால் அது பல நூறு டிகிரி இறங்கும். சூடும் நீரும் சந்திக்கும் இடம் தட்டு சராசரியாக நூறு கி.மீ. ஆழத்தில் இருக்கும்போது அமைகிறது.

பாய்மம் வந்துபோன கைரேகை எரிமலைக் குழம்பில் இருக்கும். நீரில் எளிதில் கரையும் பேரியம், ருபீடியம், ஸ்ட்ரான்ஷியம், ஈயம் மிகுந்திருக்கும். ரூட்டைல் என்ற டைட்டானியம் ஆக்சைடு கனிமம் தட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் நியோபியமும் டாண்டலமும் குறைந்திருக்கும். இன்னும் உறுதியான சாட்சி பெரிலியம்-10. வளிமண்டலத்தில் உண்டாகி, கடல் வண்டலில் படிவது. பாதியாகக் குறைய 13.9 லட்சம் ஆண்டு. தட்டு ஆண்டுக்கு 5 செ.மீ. வேகத்தில் 45 பாகைச் சரிவில் 100 கி.மீ. ஆழம் போக 141 கி.மீ. பயணம், 28 லட்சம் ஆண்டு. அதற்குள் நாலில் ஒரு பங்கு மிஞ்சும். அது எரிமலைக் குழம்பில் கிடைக்கிறது என்றால், கடலடிச் சேறு கீழே போய் உடனுக்குடன் மேலே வந்திருக்கிறது என்றே பொருள்.

என்ன சேர்ந்துச்சு, என்ன போச்சுன்னு எப்படிங்க கணக்குப் போடறது?

சதவீதங்களை நேரடியாக ஒப்பிடுவதுதான் வழக்கமான தப்பு. ஒரு பொருள் வெளியேறினால் மிச்சம் எல்லாவற்றின் சதவீதமும் தானாக ஏறும். நகராத ஒரு தனிமத்தை ஆணி மாதிரி அடித்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். உதாரணம்: மாறாத கல்லில் டைட்டானியம் ஆக்சைடு 1.00%, மாறிய கல்லில் 1.25%. டைட்டானியம் நகரவில்லை என்றால் 100 கிராம் கல் 80 கிராமாகக் குறைந்திருக்கிறது. பொட்டாசியம் ஆக்சைடு 0.5%-இலிருந்து 2.0% ஆகத் தெரிந்தால், 2.0-ஐ 0.8-ஆல் பெருக்க 1.6 கிராம். சேர்ந்தது 1.1 கிராம், மேலோட்டமாகத் தெரியும் 1.5 அல்ல.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வேலை. விரிசலுக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு 0, 1, 2, 5, 10, 20 செ.மீ. தூரங்களில் எடுங்கள். நிறமும் கனிமமும் மாறாத தொலைவில் உள்ளதுதான் மூலக்கல். நம் வறண்ட காடுகளில் விரிசலெங்கும் சுக்காங்கல் (சுண்ணாம்புப் படிவு) ஏறியிருக்கும். அதோடு அரைத்தால் கால்சியம் "சேர்ந்தது" என்று பொய்யாக வரும். அமிலச் சொட்டு விட்டுப் பார்த்து, பொங்கும் பகுதியை வெட்டித் தள்ளுங்கள்.

டைட்டானியம் நகராதுன்னு நம்பித்தானே கணக்கு? அதுவே நகர்ந்துச்சுன்னா?

நகரும். எக்லோகைட்டை வெட்டும் குவார்ட்ஸ் நரம்புகளில் ரூட்டைல் ஊசிகள் கிடைப்பதே அதற்குச் சாட்சி. அதனால் ஓர் ஆணியை நம்பாதீர்கள். டைட்டானியம், சிர்கோனியம், அலுமினியம் போன்ற நாலைந்தைக் கொண்டு, மூலக்கல் அளவு கிடையாகவும் மாறிய கல் அளவு செங்குத்தாகவும் புள்ளி வையுங்கள். பூஜ்ஜியத்தின் வழியே போகும் ஒரே கோட்டில் பல விழுந்தால் அந்தச் சாய்வை எடுத்துக்கொள்ளலாம். சிதறினால் கணக்கு நிற்காது, அல்லது மூலக்கல் தேர்வு தவறு.

அரைக்கும் உரலையும் கேளுங்கள். டங்ஸ்டன் கார்பைடு உரலில் அரைத்த பொடியில் டங்ஸ்டன், கோபால்ட், டாண்டலம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடியை வைத்து நியோபியம்–டாண்டலம் விகிதம் பேசினால் மதிப்பில்லை. அகேட் உரல் கேட்டு வாங்குங்கள்.

லேப்ல 1,000 டிகிரியில எரிச்சா எடை குறையாம கூடுது. மெஷின் தப்பா?

கல்லில் உள்ள நீரை அளக்க எரித்துப் பார்க்கும் சோதனை இது. மெஷின் சரி, இரும்புதான் காரணம். ஃபெரஸ் இரும்பு ஆக்சிஜன் ஏற்று ஃபெரிக் ஆகும்போது ஒவ்வொரு 10% ஃபெரஸ் ஆக்சைடுக்கும் 1.1% எடை கூடும். ஃபெரஸ் ஆக்சைடு 10% உள்ள எக்லோகைட்டில் நீர் 0.5% மட்டும் இருந்தால் விடை கழித்தல் 0.6% வரும். ஃபெரஸ் அளவைத் தனியாக டைட்ரேஷன் செய்து திருத்துங்கள். முதலில் 105–110 டிகிரியில் உலர்த்தி ஈரத்தை நீக்கியிருக்க வேண்டும். கார்பனேட்டும் சல்ஃபைடும் இருந்தால் போன எடை முழுவதும் நீரல்ல.

அவ்வளவு அழுத்தத்துல இறுகின கல்லுக்குள்ள தண்ணி நகர வழி எங்கீங்க?

மூன்று வழிகள். மணிகள் கூடும் முனைகளில் பாய்மம் உட்காரும் கோணம் 60 பாகைக்குக் குறைந்தால், மிகச் சிறிய அளவு நீரும் தொடர்ச்சியான வலையாகிவிடும். இரண்டாவது, நீரை விட்ட கனிமங்கள் சுருங்குவதால் உண்டாகும் துளைகள். மூன்றாவது, பாய்ம அழுத்தம் பாறையின் பாரத்தை எட்டிவிட்டால் பாறையே கீறிக்கொள்ளும். நரம்புகள் அப்படி வந்தவை. ஜப்பானில் 2002-இல் அறிவிக்கப்பட்ட ஆழத்து மெல்லதிர்வுகளுக்கும் இப்படித் தேங்கிய பாய்ம அழுத்தத்தையே காரணமாகப் பலர் சொல்கிறார்கள்.

வேகம் எதிர்பார்ப்பதைவிட அதிகம். சீனத் தியான்ஷான் மலையில் நீலச்சிஸ்ட்டை வெட்டி எக்லோகைட்டாக்கிய ஒரு நரம்பின் ஓரத்தில் லித்தியம் பரவிய அளவை வைத்துக் கணக்கிட்டபோது, பாய்மம் ஓடியது சுமார் 200 ஆண்டுகள்தான் என்று வந்தது. தட்டின் பயணம் பத்து லட்சக்கணக்கில், பாய்மம் ஓடியதோ ஏழெட்டுத் தலைமுறைக் காலம்.

தண்ணியெல்லாம் கீழயே போய்ட்டிருந்தா ஒருநாள் கடல் வத்திடாதுங்களா?

பெரும்பகுதி எரிமலை வழியாகவும், அதற்கு முன்பே பள்ளத்தின் முகப்பில் கசிந்தும் திரும்பிவிடுகிறது. மிச்சம் ஃபெங்கைட்டிலும், தண்ணீரில்லாத கனிமம் என்று பெயரெடுத்தவற்றின் படிகக் குறைகளிலும் ஒட்டிக்கொண்டு கீழே போகும். அங்கே தண்ணீர் இருப்பதற்கு 2014-இல் கையில் கிடைத்த சான்று பிரேசில் வைரம் ஒன்றுக்குள் இருந்த ரிங்வுடைட் துணுக்கு. 410 முதல் 660 கி.மீ. வரையிலான இடைமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் மட்டுமே நிலைக்கும் கனிமம். எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் அதில் இருந்தது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பொடித் துணுக்கில்.